மதத்தைச் சொல்லி ஒரு டாக்டர் கைவிரிக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கைக்குக் கையில் ஒன்றரை வயதுக் குழந்தை. காப்பர் டி போட்டிருந்தும் மறுபடி கரு தங்கிவிட்டது. எட்டு வாரம் என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. இப்போது வேண்டாம் என்று கணவனும் மனைவியுமாகப் பேசி முடிவெடுத்து, முதல் பிரசவம் பார்த்த அதே டாக்டரம்மாவிடம் போயிருக்கிறார்கள். அவர், “இது என் மதத்துக்கு விரோதம், நான் செய்ய மாட்டேன்” என்று சொன்னதோடு நிற்கவில்லை. உயிரைக் கொல்வது பாவம் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். வேறு எங்கே போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி மதத்தைக் காரணம் காட்டி நோயாளியைத் திருப்பி அனுப்ப டாக்டருக்கு உரிமை உண்டா என்று கேட்கிறீர்கள். கேட்டிருப்பது சட்டம்தான். ஆனால் தங்கை ஆட்டோவில் வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தாள் என்ற வரியைப் படித்தபோது, அந்தக் கால் மணி நேரம்தான் உங்களை அதிகம் சுட்டிருக்கிறது என்று தோன்றியது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவராக 31 வருடம் வேலை பார்த்தவள் நான். கடைசி ஏழெட்டு வருடம் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு நெறிமுறை வகுப்பும் எடுத்தேன். அதற்காகவே விதிகளை வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. நான் வக்கீல் அல்ல. அதனால் எது உறுதி, எது வாதத்துக்கு உட்பட்டது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானது இது. இந்தியாவில் அலோபதி டாக்டர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்துவது, இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வெளியிட்ட தொழில் நடத்தை விதிகள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் அவற்றை நிறுத்திவைத்துப் பழைய விதிகளையே தொடரச் சொல்லிவிட்டது. அந்த 2002 விதிகளில் ஏழாவது அத்தியாயம், எதையெல்லாம் செய்தால் அது டாக்டரின் முறைகேடு என்று வரிசையாகச் சொல்கிறது. பொய்ச் சான்றிதழ் கொடுப்பது, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது, நோயாளியின் ரகசியத்தை வெளியே விடுவது எல்லாம் அந்த வரிசையில் வரும். ரகசியம் பற்றிய விதிக்கு அடுத்தது 7.15. மருத்துவத் தேவை இருக்கும்போது கருத்தடை, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், சுன்னத், கருக்கலைப்பு ஆகியவற்றைச் செய்வதற்கோ அவற்றில் உதவுவதற்கோ, மதத்தை மட்டும் காரணமாகச் சொல்லி ஒரு டாக்டர் மறுக்கக் கூடாது என்கிறது அது. அந்த வேலையில் தனக்குப் போதிய திறமை இல்லை என்று அவர் கருதினால் மட்டும் விலக்கு.

வகுப்பில் இந்த விதியை வாசிக்கும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். “மேடம், நிஜமாகவே இப்படி இருக்கிறதா?” என்று கேட்பார்கள். இருபது வருடம் பிராக்டிஸ் செய்த டாக்டர்கள் பலரும் அதையே கேட்டிருக்கிறார்கள். மனசாட்சிப்படி மறுப்பது டாக்டரின் உரிமை என்பது மேல்நாட்டுப் பாடப்புத்தகங்களைப் படித்து நம் மனதில் ஊறிப்போன எண்ணம். நம் விதி அப்படிச் சொல்லவில்லை. அதில் சுன்னத்தும் இருப்பதைக் கவனியுங்கள். விதியை எழுதியவர்கள் ஏதோ ஒரு மதத்தவரை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. முன்தோல் இறுகிச் சிறுநீர் போக முடியாமல் தவிக்கும் பையனை, “அது எங்கள் மதத்தில் இல்லாத வழக்கம்” என்று ஒரு சர்ஜன் திருப்பி அனுப்பினாலும் இதே விதிதான் அவரைப் பிடிக்கும். அப்புறம், பதிவு செய்துகொள்ளும்போது ஒவ்வொரு டாக்டரும் ஏற்கும் உறுதிமொழி ஒன்று உண்டு. என் கடமைக்கும் என் நோயாளிக்கும் நடுவில் மதமோ, தேசமோ, இனமோ, கட்சி அரசியலோ, சமூக அந்தஸ்தோ குறுக்கே வர விடமாட்டேன் என்ற வரி அதில் இருக்கிறது.

கருக்கலைப்புச் சட்டத்திலும் நிலைமை இதுதான். நம் சட்டம் 1971-ல் வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்னால், 1967-ல் வந்த பிரிட்டிஷ் சட்டத்தின் சாயல் அதில் நிறைய உண்டு. ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தின் நான்காவது பிரிவு, மனசாட்சிக்கு ஒவ்வாதவர் கருக்கலைப்பில் பங்கேற்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நம்முடையதில் அப்படி ஒரு பிரிவே இல்லை.

“அரசியல் சட்டம் மனசாட்சிச் சுதந்திரம் தருகிறதே” என்று கேட்பவர்கள் உண்டு. 25-வது பிரிவு தருகிறது, உண்மை. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கமே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்பதுதான். சுகாதாரம் என்ற சொல் அங்கே இருப்பது இந்த விவாதத்தில் சின்ன விஷயம் அல்ல. ஆனாலும் 7.15-ஐயும் 25-வது பிரிவையும் நேருக்கு நேர் நிறுத்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதாக நான் படித்ததில்லை. அப்படி ஒரு வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று நான் அடித்துச் சொல்லத் தயாராக இல்லை.

இங்கிருந்து வாதத்துக்கு உட்பட்ட பகுதி. அதே 2002 விதிகளில் இன்னொரு இடத்தில், யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்று தேர்ந்துகொள்ள டாக்டருக்குச் சுதந்திரம் உண்டு, வேறு டாக்டரிடம் போகச் சொல்வதும் தவறல்ல, அவசர நிலையில் மட்டும் மறுக்கக் கூடாது என்று இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு, “நான் அவரைத் தேர்ந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்” என்று ஒருவர் சொல்லலாம். பொதுவாகக் கொடுத்த சுதந்திரத்தை ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் 7.15 சுருக்குகிறது என்பது என் வாசிப்பு. அதோடு, ஒரு நோயாளியை ஒருமுறை ஏற்றுக்கொண்ட பிறகு போதிய அவகாசம் தராமல் கைவிடக் கூடாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. உங்கள் தங்கை அவரிடமே பிரசவம் பார்த்தவள், தொடர்ந்து போய்வருகிறவள் என்பதால் இதுவும் கணக்கில் வரும்.

“மருத்துவத் தேவை இருக்கும்போது” என்ற சொற்களும் உரசலுக்கு இடம் தருபவை. தாயின் உயிருக்கு ஆபத்து, கருவுக்குப் பெரிய குறை என்றால் தேவை பளிச்சென்று தெரியும். கருத்தடை பலிக்காமல் உண்டான கருவை அப்படிச் சொல்ல முடியுமா? முடியும் என்பேன். கருத்தடை தவறியதால் வந்த கர்ப்பம் தரும் வேதனையை, பெண்ணின் மனநலத்துக்கு நேரும் கடும் பாதிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று கருக்கலைப்புச் சட்டமே சொல்கிறது. முன்பு இது கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் என்று இருந்தது. 2021 திருத்தத்தில் எந்தப் பெண்ணுக்கும் என்று மாற்றினார்கள். சட்டமே மனநலப் பாதிப்பு என்று ஒப்புக்கொண்டதை மருத்துவத் தேவை அல்ல என்று எப்படித் தள்ளுவது? எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளித்தான் பார்ப்பார். அது அவர் வேலை.

விதியின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. “மதத்தை மட்டும் காரணமாகச் சொல்லி” என்று இருப்பதால், மதத்தை வாயே திறக்காமல், “எனக்கு இதில் பழக்கம் இல்லை, வேறு இடம் பாருங்கள்” என்று சொல்கிறவரை இந்த விதி தொடாது. பலர் அப்படித்தான் சொல்லித் தப்பிக்கிறார்கள். உங்கள் தங்கையின் டாக்டர் காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மனதில் இருப்பதை மறைக்காததற்காக அவரை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டப்படி அவர் நிற்கும் இடம் பலவீனமானது.

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றை விசாரித்துவிடுங்கள். கருக்கலைப்பை எல்லா கிளினிக்கிலும் செய்ய முடியாது. அரசு மருத்துவமனையாக இருக்க வேண்டும், அல்லது அதற்கென்று அரசின் அங்கீகாரம் பெற்ற இடமாக இருக்க வேண்டும். டாக்டருக்கும் அதற்கான படிப்போ பயிற்சியோ இருக்க வேண்டும். ஆரம்ப வாரங்களில் மாத்திரை எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் விதியில் கொஞ்சம் தளர்வு உண்டு. மற்றபடி அங்கீகாரம் இல்லாத கிளினிக்கில் அவர் செய்திருந்தால் அதுதான் குற்றமாகியிருக்கும். அங்கீகாரம் இல்லாதவர் மறுப்பது சரியே. அதற்கு மதத்தை இழுத்திருக்கத் தேவையில்லை.

இதோடு ஒட்டி வருவது மதச் சார்புள்ள மருத்துவமனைகளின் நிலை. கத்தோலிக்கச் சபைகள் நடத்தும் மருத்துவமனைகளில் கருக்கலைப்பும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்வதில்லை என்பது ஊரறிந்தது. 7.15 டாக்டரைக் கட்டுப்படுத்துகிறதே தவிர மருத்துவமனையை அல்ல. அங்கீகாரம் கேட்டு விண்ணப்பிக்கச் சொல்லித் தனியார் மருத்துவமனையை எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை. எனவே அவர்கள் அந்தச் சேவையைத் தராமல் இருப்பதைச் சட்டமீறல் என்று சொல்ல மாட்டேன். தொழுநோயாளியை யாரும் தொடாத காலத்தில் நம் ஊர்களில் தொட்டுக் கட்டுப் போட்டவர்கள் மிஷன் மருத்துவமனைக்காரர்கள். அந்த நம்பிக்கைதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது. அதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச எனக்கு மனம் வராது.

அவசரம் என்று வந்துவிட்டால் இந்த விவாதம் எதற்கும் இடமே இல்லை. ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, போலீஸ் கேஸ் பார்க்க அனுமதி இல்லை என்று ஒரு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொன்றுக்கு அனுப்பியது. போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. அதை வைத்து வந்த பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, உயிரைக் காப்பது அவர் கடமை, அதற்குக் குறுக்கே எந்த நடைமுறையும் நிற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவும், தாயின் உயிரைக் காக்க உடனே செய்ய வேண்டிய நிலையில் வாரக் கணக்கு, அங்கீகாரம் பெற்ற இடம், இரண்டாவது டாக்டரின் கருத்து என்ற நிபந்தனைகள் எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறது. மனசாட்சிக்குத் தாராளமாக இடம் கொடுத்த பிரிட்டிஷ் சட்டம்கூட, தாயின் உயிரைக் காக்கவோ நிரந்தரமான கடும் பாதிப்பைத் தடுக்கவோ சிகிச்சை தர வேண்டிய இடத்தில் அந்தச் சலுகையை எடுத்துவிடுகிறது.

சவிதா ஹலப்பனவாரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கர்நாடகத்திலிருந்து அயர்லாந்து போன பல் டாக்டர், வயது 31. 2012 அக்டோபரில், 17 வாரக் கர்ப்பத்தில் கரு கலையத் தொடங்கி கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். குழந்தை பிழைக்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். கருவின் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் செய்யவில்லை. கிருமித் தொற்று ரத்தத்தில் ஏறி அக்டோபர் 28 அன்று இறந்துபோனார். “இது கத்தோலிக்க நாடு” என்று தான் சொன்னதாக ஒரு மருத்துவச்சி பிறகு மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். இதைத் தனி டாக்டர் ஒருவரின் மனசாட்சி மறுப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அங்கே கையைக் கட்டியது அன்றைய அயர்லாந்துச் சட்டம். தொற்று முற்றுவதைக் கவனிக்கத் தவறியதும் விசாரணையில் வெளிவந்தது. ஆனாலும் நம்பிக்கையைச் சட்டமாக்கிக் கட்டில் பக்கத்தில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பெண்ணின் மரணம் சாட்சி. 2018 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கு மேல் மாற்றம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். அதன்பின் வந்த அயர்லாந்துச் சட்டம், மனசாட்சிப்படி டாக்டர் விலகிக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பெண்ணை வேறு டாக்டரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது.

மற்ற நாடுகளில் இது பல விதம். ஸ்வீடனில் மனசாட்சி விலக்கே கிடையாது. கருக்கலைப்பில் உதவ மறுத்ததால் வேலை கிடைக்கவில்லை என்று ஒரு மருத்துவச்சி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2020-ல் அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். கிளாஸ்கோவில் இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள், நேரடியாகக் கை வைப்பது மட்டுமல்ல, அந்த வேலையைச் செய்கிறவர்களை மேற்பார்வை பார்ப்பதும் எங்களுக்கு ஆகாது என்று வழக்குப் போட்டார்கள். 2014-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், நேரடியாகச் செய்வதற்குத்தான் விலக்கு, டியூட்டி போடுவதற்கும் மேற்பார்வைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டது. இத்தாலி எதிர்த் திசையில் போன நாடு. 1978 சட்டம் மறுப்பதற்கு முழு உரிமை கொடுத்தது. இப்போது அங்கே மகப்பேறு மருத்துவர்களில் பத்தில் ஆறு ஏழு பேர் மறுப்பாளர்களாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் விலகினால் பக்கத்து அறையில் இன்னொருவர் இருப்பார். பத்தில் ஏழு பேர் விலகினால், சட்டம் கொடுத்ததைத் தேடிக்கொண்டு அந்தப் பெண் ஊர் ஊராகப் போக வேண்டும். நம் விதி கடுமையாக இருக்கிறது என்று நான் வருத்தப்படாததற்கு இத்தாலி ஒரு காரணம்.

சரி, சட்டத்தை விட்டு நான் கண்ணால் பார்த்ததற்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு அரசு மருத்துவமனையில் என்னோடு வேலை பார்த்த தோழி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். கருக்கலைப்பு அவருக்கு முடியாது. சேர்ந்த முதல் வாரமே எங்கள் சீஃப்பிடம் அதைச் சொல்லிவிட்டார். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் பெயருக்கு வரும் கருக்கலைப்புகளை நான் செய்வேன், அதற்கு ஈடாக என் இரவு டியூட்டிகளில் இரண்டை அவர் எடுத்துக்கொள்வார். ஓ.பி.யில் அவரிடம் அப்படி ஒரு பெண் வந்தால், “நான் இதைச் செய்கிறதில்லை அம்மா, நாலாம் நம்பர் அறையில் இருக்கிற டாக்டர் செய்வார், வா” என்று தானே எழுந்து கூட்டிவந்து விடுவார். ஒரு நாளும் அந்தப் பெண்ணிடம் காரணத்தை விளக்கியதில்லை. விளக்குவது அவள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றுவது என்பார்.

ஓர் இரவு கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை வேனில் தூக்கிவந்தார்கள். யாரோ ஒரு கிழவியிடம் குச்சி வைத்துக்கொண்டு, பாதி கலைந்து, புடவையெல்லாம் ரத்தம். டியூட்டியில் இருந்தது என் தோழி மட்டும். எனக்கு ஆள் அனுப்பி நான் போய்ச் சேர்வதற்குள், தியேட்டரில் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றி, அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கருவின் இதயம் துடித்ததா இல்லையா என்று அவர் பார்த்தாரா என நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மத நம்பிக்கையுள்ள டாக்டர் எப்படி இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இரவுதான்.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்தேன். வேறோர் ஊரில், வேறொரு இடத்தில் உங்கள் தங்கைக்குக் கிடைத்ததைப் போலவே உபதேசம் கேட்டுத் திரும்பிய ஒரு பெண், வெட்கத்தில் வேறு எந்த டாக்டரிடமும் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் யாரோ எடுத்துக் கொடுத்த மாத்திரையை வாங்கித் தின்றுவிட்டு, பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் சீழுமாக எங்களிடம் வந்தாள். கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாயிற்று. வயது 24. அவளை முதலில் திருப்பி அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நான் நினைக்கவில்லை. அவர் ஒரு உயிரைக் காப்பாற்றியதாகவே நினைத்திருப்பார். கதவை மூடின பிறகு அந்தப் பெண் எங்கே போனாள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

எனக்கும் இதில் கல் மனம் கிடையாது. பன்னிரண்டு வாரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் கை கனக்கும். வேண்டாம் என்று மனம் சொல்லும் நாள்கள் இருந்தன. அதனால்தான் ஒரு செயலைச் செய்ய முடியவில்லை என்று சொல்லும் டாக்டரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவரைக் கட்டாயப்படுத்திச் செய்யவைப்பது நோயாளிக்கும் நல்லதல்ல, நடுங்குகிற கையிடம் யாரும் தன்னை ஒப்படைக்கக் கூடாது. இந்த இடத்தில் 7.15 விதியைவிட நான் கொஞ்சம் இளகியவள் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செயலை மறுப்பது வேறு, ஆளை மறுப்பது வேறு. எங்கள் தொழிலில் இந்த இரண்டும் மிகச் சுலபமாகக் குழம்பிவிடும்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆராய்ச்சி செய்த நிர்மலாவும், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பல வருடம், எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணியை மருத்துவமனை மருத்துவமனையாகத் தள்ளிவிட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பயம் ஒரு காரணம். “இப்படி நடந்துகொண்டவளுக்கு நாம் ஏன்” என்ற நினைப்பும் இருந்தது, அதற்கு மதத்தின் சொற்களும் துணைக்கு வந்தன. கணவனிடமிருந்து நோய் வாங்கிய பெண்கள் அவர்களில் எத்தனையோ பேர். அங்கே எந்தச் செயலும் யாருடைய மதத்துக்கும் விரோதமாக இல்லை, பிரசவம் பார்ப்பதுதான் வேலை. மறுத்தது ஆளைத்தான். 2017-ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இப்போது அந்தப் பாகுபாட்டைத் தடை செய்திருக்கிறது. அதுபோலவே, கல்யாணமாகாத பெண்ணைப் பார்க்க மாட்டேன், திருநங்கையைப் பார்க்க மாட்டேன், அந்த மதத்துக்காரரைப் பார்க்க மாட்டேன் என்பதை எல்லாம் மனசாட்சி என்ற பெயரில் யாராவது சொன்னால் அதற்கு எந்த விலக்கும் கிடையாது. இதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

அதனால் உங்கள் தங்கையின் டாக்டரிடம் என் குறை, அவர் கருக்கலைப்பைச் செய்யவில்லை என்பதில் அதிகம் இல்லை. “நான் செய்வதில்லை, இன்னாரிடம் போங்கள், நாள் தள்ளாதீர்கள்” என்று ஒரே நிமிடத்தில் முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாகக் கால் மணி நேரம் ஒரு பெண்ணை உட்காரவைத்துக் கூசவைத்து, வழியும் சொல்லாமல் அனுப்பியதில் அவர் செயலை மட்டும் மறுக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் என் தோழி செய்திருக்கவே மாட்டாத ஒன்று.

புகார் கொடுக்க விரும்பினால் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். தமிழ்நாட்டில் என்றால் அது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். என்றைக்குப் போனீர்கள், என்ன சொன்னார், யார் உடன் இருந்தார்கள் என்று தேதியோடு எழுதி, ஓ.பி. சீட்டின் நகலையும் ஸ்கேன் நகலையும் இணையுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராக இருங்கள். பெரும்பாலும் எச்சரிக்கையோடு நின்றுவிடும் என்பது என் ஊகம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தங்கை முடிவு செய்யட்டும், நீங்கள் அல்ல. அவள் பெயரும் விவரமும் வெளியே வருவதில் அவளுக்கு என்ன எண்ணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. எட்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது வாரம் வரைதான் மாத்திரையில் முடிக்க முடியும். காப்பர் டி உள்ளே இருக்கும்போது மாத்திரை கொடுக்கக் கூடாது, முதலில் அதை எடுத்தாக வேண்டும். எனவே மெடிக்கல் ஷாப்பில் எதையும் வாங்கிச் சாப்பிட விடாதீர்கள். காப்பர் டி இருந்தும் தங்கிய கரு சில சமயம் கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கும். கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்றின் ஒரு பக்கம் சுருக்கென்று வலித்தாலோ, தலை சுற்றினாலோ எதற்கும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வாரம் தாண்டிவிட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை, உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் முறையில் சுலபமாகச் செய்துவிடுவார்கள். சட்டப்படி 20 வாரம் வரை ஒரே டாக்டரின் கருத்து போதும்.

திங்கட்கிழமை காலையிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மகப்பேறு ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள். கட்டணம் கிடையாது. பதினெட்டு வயது ஆன பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்துக் கேட்டால் அது சட்டத்தில் இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், டாக்டர்கள் இப்படிச் சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அவள் விவரத்தை வெளியில் சொல்கிறவருக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு, அதையும் அவளிடம் சொல்லிவையுங்கள். உள்ளே போகும்போது நீங்கள் வெளியே நின்றாலும் பரவாயில்லை, அவளுக்குப் பிடித்த ஒரு பெண்ணைத் துணைக்கு அனுப்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அதற்கென்று ஓர் ஊசி போட வேண்டியிருக்கலாம், அதை டாக்டரிடம் நீங்களே நினைவுபடுத்துங்கள்.